விட்கம் வீட்டில் பான்கேக் கருகவில்லை

2022 ஆகஸ்டு 9, செவ்வாய்க்கிழமை. ஹார்லோ பெண்ட் நகரத்துக் காப்பீட்டு முகவர் ஆர்லன் விட்கமுக்கு அன்று காலை ஒரே ஒரு மனக்குறைதான் இருந்தது: அவர் வீட்டுப் பான்கேக் கருகவில்லை.

முந்தின நாள் அந்த மெத்தென்ற இனிப்பு அடை கரிக்கட்டையாகியிருந்தது. கூரை ஓரத்து மழைநீர் வடிகாலில் அடைத்துக்கொண்ட இலைகளை அவர் இன்னும் அள்ளவில்லை என்று அவருடைய மனைவி இமோஜீன் சண்டையிட்டார். சண்டையில் அடுப்பை மறந்தார். புகை எச்சரிக்கை மணி அலறியது. எரிச்சலுடன் வெளியேறிய ஆர்லன், காரைப் பின்னால் எடுத்து, தம் வீட்டுத் தபால் பெட்டியின் மீதே மோதினார். அவர்கள் வீட்டில் தங்கியிருந்த ரூபன் சால்சீடோ, அந்தக் கரியை மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டு ஆடப் போனான். அன்று மாலை பந்தை இரு முறை வேலிக்கு அப்பால் அனுப்பி, இரண்டு ஹோம் ரன் அடித்தான்; அவன் அணி வென்றது.

ரூபன், ‘நாரைகள்’ என்னும் உள்ளூர்த் தொழில்முறை பேஸ்பால் அணியின் முதல் தளக் காவலன். டொமினிக்கன் நாட்டு இளைஞன். நாரைகள் தரும் சம்பளத்தில் வாடகை கொடுக்க இயலாது. ஆதலால் ஒவ்வொரு வீரனையும் ஊரில் ஏதேனும் ஒரு குடும்பம் ஆட்டப் பருவம் முழுவதும் தன் வீட்டில் வைத்துச் சோறிடும். ரூபன் நல்ல பையன். அவனிடம் இருந்த ஒரே குறை பொறுமை. மட்டையைப் பிடித்து நின்றால் மிகச் சிறந்த பந்துக்காகக் காத்திருப்பான். காத்திருக்கையிலேயே, அடிக்காமல் விட்ட பந்துகள் மூன்று ஸ்ட்ரைக்குகளாகி ஆட்டமிழப்பான். தலையைக் குனிந்துகொண்டு திரும்புவான். முதல் பந்திலேயே மட்டையை வீசு என்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தியும் பயனில்லை.

நாரைகள் ஜூலை முழுவதும் தோற்றன. இறுதித் தொடருக்குத் தகுதி பெறாவிட்டால் அணியை வேறு ஊருக்கு விற்றுவிடப்போவதாக உரிமையாளர் அறிவித்துவிட்டார். அணியை எடுத்துவிட்டால் ஹார்லோ பெண்டில் மிஞ்சுவன ஒரு தானியக் கிடங்கும் ஒரு போக்குவரத்து விளக்கும்தான். விளக்கைப் பார்க்க எவரும் சீட்டு வாங்கமாட்டார்.

இத்தகைய நிலையில்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை, இமோஜீன் பொன்னிறமான பான்கேக்கை ரூபனின் தட்டில் வைத்தார். ரூபன் கண்களை அகல விரித்தான்.

“இன்னைக்குக் கருகலையா?”

ஆர்லனுக்குக் காப்பி புரையேறியது. இரண்டு ஹோம் ரன் அடித்தவன் கேட்கிறான். அவர் எழுந்தார், அந்தப் பான்கேக்கை எடுத்தார், மீண்டும் கல்லில் இட்டு, இமோஜீனிடம் தீயைக் கூட்டச் சொல்லி, இருபுறமும் கரியாகும்வரை கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு அதை இரு கைகளாலும் ஏந்தி வந்து தட்டில் வைத்தார். ரூபன் பான்கேக்கைப் பார்த்தான். ஆர்லனின் முகத்தைப் பார்த்தான். ஒரு வாய் பிட்டுத் தின்றான். அன்றும் நாரைகள் வென்றன.

பேஸ்பாலில் ஒரு விதி உண்டு. அது விதிநூலில் இல்லை. ஆயினும் நூலில் உள்ளவற்றைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றப்படுவது. வெற்றி தொடர்ந்து வரும்போது, அதைப் பற்றி வெல்பவனிடம் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தொடர் முறிந்துவிடும். எனவே ஆர்லன் காரணம் சொல்லவில்லை. ரூபனும் கேட்கவில்லை. நாள்தோறும் ஒருவன் கரி தின்றான். மற்றவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை ஆட்டத்தில் சிக்கல் வந்தது. எட்டாவது இன்னிங்ஸ் வரை நாரைகள் பின்தங்கியிருந்தன. அரங்கில் அமர்ந்திருந்த ஆர்லனுக்குத் திடீரெனத் தபால் பெட்டி நினைவுக்கு வந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு அதை அவர் இடிக்கவே இல்லை.

அவர் எழுந்து ஓடினார். காரில் ஏறி, வானொலியில் ஆட்டத்தைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்கு விரைந்தார். ரூபன் ஆடுகளத்துக்கு நடந்து வருவதாக வருணனையாளர் கூறினார். ஆர்லன் வீட்டு வழிக்குள் நுழைந்து, திரும்பி, பின்புறமாக வந்து தபால் பெட்டியை மோதிச் சாய்த்தார். மறுகணம் வானொலி வெடித்தது. முதல் பந்து, வேலிக்கு அப்பால், மூவர் வீட்டுத் தளம் சேர்ந்தனர், நாரைகள் முன்னிலை.

ஆர்லன் ஸ்டியரிங்கை முத்தமிட்டார். மறுநாள் காருக்கான இழப்பீட்டு விண்ணப்பத்தைத் தாமே எழுதி, தாமே படித்து, தாமே நிராகரித்தார். வேண்டுமென்றே இடித்துக்கொண்டவருக்கு எந்த நிறுவனமும் பணம் தராது என்பதை அவர் அறிவார்.

அது முதல் நாள்தோறும் தபால் பெட்டி நடப்பட்டது, நாள்தோறும் இடிக்கப்பட்டது. ரூபனைத் தன் பழைய டிரக்கில் ஏற்றிச்செல்ல வரும் அணித்தோழன், கேட்சர் கார்வின் டேட், தெருமுனையிலேயே வண்டியை நிறுத்திக்கொண்டு, இடிக்கும் சத்தம் கேட்ட பின்னரே வீட்டுக்கு வந்தான்.

ரூபனும் மாறினான். இப்போது அவன் காத்திருப்பதே இல்லை. ஆடுகளத்துக்கு வந்த உடனே முதல் பந்தை விளாசினான். தளங்களைச் சுற்றி ஓடினான். எவர் கையையும் தட்டாமல் நேரே பெஞ்சுக்குப் போய், வெள்ளை மாத்திரை ஒன்றை மென்று, ஓர் அட்டைப்பெட்டிப் பாலைக் குடித்தான். அதுவும் சகுனம் என்று ஊர் முடிவு செய்தது. அரங்கில் பீர் விற்றவன் பால் விற்கத் தொடங்கினான். தானியக் கிடங்கின் முரட்டு ஆள்கள் மீசையில் வெள்ளைக் கோட்டுடன் அமர்ந்து ஆட்டம் பார்த்தனர்.

நாரைகள் அட்டவணையில் ஏறிக்கொண்டே வந்தன. இமோஜீனின் பொறுமை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. காரணம், முதல் நாளில் பான்கேக் கருகியது சண்டையால். எனவே சண்டையும் நடந்தாக வேண்டும் என்று ஆர்லன் கண்டுபிடித்திருந்தார். சண்டை அதே இலைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும். ஆகையால் இலைகளை அள்ளவும் அவர் மறுத்துவிட்டார்.

முதல் சில நாள்கள் இமோஜீன் சிரித்துக்கொண்டே சண்டையிட்டார். பின்னர்ச் சிரிப்பு நின்றது. பருவத்தின் கடைசி வாரத்தில் ஒரு நாள், இலையில் தொடங்கிய சண்டை ஆர்லனின் தாயார் வழியாக அவர்களுடைய தேனிலவுக்குப் போய்ச் சேர்ந்தது.

“முப்பத்தோரு வருஷம் முன்னாடி, அருவி பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லி எங்க கூட்டிட்டுப் போனே? டபுள் ஹெடர் பாக்கக் கூட்டிட்டுப் போனே. ஒரே நாள்ல ரெண்டு மேட்ச், ஆர்லன். ரெண்டும் மழை.”

“அதெல்லாம் முதல் நாள் சண்டையில வரலையே இமோஜீன். இலையைப் பத்திப் பேசு.”

இமோஜீன் பெட்டியை எடுத்துக்கொண்டு தம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

மறுநாள்தான் கடைசி லீக் ஆட்டம். வென்றால் இறுதித் தொடர். தோற்றால் அணி ஊரை விட்டுப் போகும். ஆர்லன் சமையல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன் நின்றார். வாழ்நாளில் அவர் சமைத்ததில்லை. மாவைக் கல்லில் ஊற்றினார். பான்கேக் வட்டமாக, மெத்தென்று, தேன் நிறத்தில் எழுந்து வந்தது. அதைக் குப்பையில் எறிந்துவிட்டு இன்னொன்று ஊற்றினார். அது முன்னதைவிட அழகாக இருந்தது. தீயைக் கூட்டியதும் அஞ்சிப்போய் உடனே திருப்பிவிட்டார்; ஆபத்தை முன்கூட்டியே தவிர்ப்பது அவர் தொழில். மேசையில் ரூபன் கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். அவன் கண்கள் குப்பைத்தொட்டியிலிருந்த பான்கேக்கின் மீது நிலைத்திருந்தன.

ஆர்லன் தொலைபேசியை எடுத்து மனைவியை அழைத்தார்.

“இமோஜீன், கருக மாட்டேங்குது.”

மறுமுனையில் இமோஜீன் தங்கையின் தொலைக்காட்சியை அணைத்தார்.

“கல்லைப் பாத்துட்டே நிக்கிறியா?”

“ஆமா.”

“முட்டாள். பாத்துட்டே நின்னா எப்படிக் கருகும்? நான் என்னைக்காவது கல்லைப் பாத்தேனா? உன்னைத்தானே பாத்துக் கத்திட்டு இருந்தேன்.”

“அப்போ கத்து.”

இமோஜீன் கத்தினார். இலையில் தொடங்கி, அருவி வழியாக, ஆர்லன் கடந்த கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்த மண்வெட்டி வரை வந்தார். ஆர்லனுக்கும் ரோஷம் வந்தது. அது நல்ல மண்வெட்டி என்றார். அடுப்புக்கு முதுகைக் காட்டி, கையை வீசி வாதிட்டார். புகை மணி அலறியது. பான்கேக் எரிந்தது, அதனருகே தொங்கிய கைத்துண்டு எரிந்தது, சன்னல் திரை எரிந்தது. தன்னார்வத் தீயணைப்புப் படையினர் வந்து எல்லாவற்றையும் அணைத்தனர். படைத்தலைவர், பான்கேக்கின் மீது மட்டும் தீயணைப்புத் தூள் படாமல் தம் தொப்பியால் மூடிக் காப்பாற்றினார். அவரும் நாரைகளின் விசிறியே. பருவம் முழுவதும் அதைப்போல் கருத்த பான்கேக் எவரும் கண்டதில்லை. ரூபன் ஆர்லனின் முகத்தைப் பார்த்தான், கண்ணை மூடிக்கொண்டான், தின்றான்.

அன்று அரங்கில் நிற்கவும் இடமில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஆர்லனின் பக்கத்தில் அமர்ந்தார் இமோஜீன். “சண்டை இன்னும் முடியல,” என்று மட்டும் சொன்னார். பிறகு தம் பாலில் பாதியை அவருக்குக் கொடுத்தார்.

ரூபன் வந்தான், முதல் பந்து, இரண்டு தளங்கள். மீண்டும் வந்தான், முதல் பந்து, சுவரில் மோதிய அடி. எதிரணியும் சளைக்கவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸில் எண்ணிக்கை சமம். நாரைகளில் இருவர் வெளியேறியாயிற்று; மூன்றாமவரும் போனால் இன்னிங்ஸ் முடிந்தது. ரூபன் வந்தான். அவன் முகம் சிவந்திருந்தது. ஒரு கையால் நெஞ்சைப் பிடித்திருந்தான். ஊருக்காகத் துடிக்கும் நெஞ்சு என்று வானொலியில் வருணனையாளர் தழுதழுத்தார். ஆர்லனால் பார்க்க முடியவில்லை. இமோஜீனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். எனவே அவர் சத்தத்தை மட்டுமே கேட்டார். நல்ல மரத்தில் நல்ல பந்து பட்டால் எழும் அந்தச் சத்தம். அதன்பின் அரங்கம் முழுவதும் எழுந்து நின்ற சத்தம்.

ரூபன் தளங்களைச் சுற்றி ஓடிய வேகத்தை இன்றும் பேசுகிறார்கள். வீட்டுத் தளத்தில் குவிந்து நின்ற தோழர்களைத் தள்ளிவிட்டுப் பாலுக்கு ஓடினான்.

பால் மீசைகளோடு ஊர் தெருவில் ஆடிக்கொண்டிருந்தபோது, வாகன நிறுத்துமிடத்தில் கார்வின் தயங்கித் தயங்கி ஆர்லனிடம் வந்தான். தொப்பியைக் கழற்றிக்கொண்டான்.

“சார், அதான் தகுதி வாங்கிட்டமே, இனிமே சொன்னாத் தப்பில்லை. உங்களுக்கு சகுனத்துல ரொம்ப நம்பிக்கை, உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் ரூபன் அந்தக் கரியைத் தின்னுட்டு இருக்கான். நெஞ்செரிச்சல்ல அவனால ரெண்டாவது பந்து வரைக்கும் நிக்கவே முடியலையாம், அதான் முதல் பந்தையே அடிச்சுட்டுப் பாலுக்கு ஓடி வர்றான்.”

இறுதித் தொடர் வெள்ளிக்கிழமை தொடங்குகிறது. வாசகரே, அதற்குள் உயரமான இளைஞன் ஒருவன் உம் வீட்டுக் கதவைத் தட்டி, கருகாத பான்கேக் ஒன்று கிடைக்குமா என்று பணிவாகக் கேட்டால், ஊரின் நலன் கருதி, தயவுசெய்து கொடாதீர்.