பாவம் தனி

ஒரு பாவத்தின் விலை முப்பது. அதாவது, ஓர் ஆட்டைக் கொல்லுகிற பாவத்துக்கு. குட்டியானாலும் கிடாவானாலும் ஒரே விலைதான். அதில் எடை பார்க்கும் வழக்கம் இல்லை. இருபத்திரண்டு வருஷத்தில் கடை வாடகை ஏறியது, ஆட்டின் விலை நாலு மடங்கு ஏறியது, கத்தி சாணை பிடிக்கிற கூலி கூட ஏறியது. பாவம் மட்டும் ஏறவே இல்லை.

கறிக்கடை முதலாளியைத் தெருவில் எல்லோரும் வெள்ளைச்சட்டை என்றுதான் சொல்வார்கள். கறிக்கடையில் உட்கார்ந்துகொண்டு வெள்ளைச் சட்டை போடுவதற்கு ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். அது அவருக்கு இருந்தது. கடையின் முன்பக்கம் தராசும் கல்லாவும் அவருடையவை. பின்பக்கம் வெட்டுக்காரருடையது. நடுவில் ஒரு கதவு. ஆடு அந்தப் பக்கம் நடந்து போகும். இந்தப் பக்கம் கொக்கியில் தொங்கிக்கொண்டு வரும். நடுவில் என்ன நடக்கிறது என்று வெள்ளைச்சட்டை ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அவருடைய அப்பா வகுத்துவிட்டுப் போன முறை ஒன்று உண்டு. காலை வெட்டு முடிந்ததும், கூலி போக, தலைக்கு முப்பது வீதம் வெட்டுக்காரரின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். வைக்கும்போது, "வியாபாரம் என்னோடது, பாவம் உன்னோடது" என்று சொல்ல வேண்டும். அவர், "ஆகட்டும் முதலாளி" என்று வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கமாட்டேன் என்கிறவனுக்கு அந்தக் கடையில் வேலை இல்லை. முக்கியமான விஷயம், பாவக்காசைச் சட்டைப்பையிலிருந்துதான் எடுக்க வேண்டும், கல்லாவிலிருந்து எடுக்கக்கூடாது. கல்லா சுத்தமாக இருக்க வேண்டும்.

சுத்தத்துக்குப் பலனும் இருந்தது. சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் கல்லாவில் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும். முதல் வருஷம், "யாரோ மீதிச் சில்லறை வாங்காம போயிட்டாங்க" என்றார். அப்புறம், "நம்ம கைராசி" என்றார். லாபம் வந்த வழியை யாரும் விசாரிப்பதில்லை. விசாரணைக் கமிஷனெல்லாம் நஷ்டத்துக்குத்தான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு செவ்வாய்க்கிழமை குடை சாய்ந்தது. ஆட்டு வியாபாரி அன்று காலை மறுபடியும் விலையை ஏற்றிவிட்டுப் போனான். எங்கே குறைக்கலாம் என்று வெள்ளைச்சட்டை யோசித்தார். வாடகையில் கை வைக்க முடியாது. எடையில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. மிஞ்சியது பாவம்.

"இன்னையிலிருந்து இருபதுப்பா" என்றார் கதவருகே நின்று.

"எது முதலாளி?"

"அதான்... அந்த முப்பது."

வெட்டுக்காரர் கத்தியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். எதிராளி பேசாமல் இருந்தால் வியாபாரி தானாகவே விலையை ஏற்றுவான்.

"சரி, இருபத்தஞ்சு. அதுக்கு மேல என்னைக் கொன்னாலும் கிடையாது."

"வேண்டாம் முதலாளி. அதையும் நீங்களே வச்சுக்குங்க, எப்பவும் போல."

கேட்காமலே கிடைத்த தள்ளுபடி. தலைக்கு முப்பது, ஆறு ஆட்டுக்கு நூற்றெண்பது, மாசத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டபடியே வெள்ளைச்சட்டை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனார். வழக்கம்போலக் கடையை வெட்டுக்காரர் பார்த்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். அவள் கையில் எலும்போடு அப்படியே நின்றாள்.

"ஏங்க, அப்ப இன்னைக்கு வெட்டின ஆறு ஆட்டுப் பாவம் இப்ப யார்கிட்ட இருக்கு?"

"அவன்கிட்டதான். அவன்தானே வெட்டினான்?"

"காசு வாங்காம எவனாவது மூட்டை தூக்குவானா? நீங்க காசு வாங்காம யாருக்காவது ஒரு எலும்பு போட்டிருக்கீங்களா?"

அவளும் வியாபாரி வீட்டில் பிறந்தவள்தான்.

"உள்ள நம்ம பொண்ணு ஒன்பது மாசத்தோட படுத்திருக்கா. ரெண்டு தடவை பறிகொடுத்தாச்சு. இந்தத் தடவையாவது உசுரோட கையில வாங்கணும்னு நான் நாளை எண்ணிக்கிட்டிருக்கேன். நீங்க நூத்தெண்பதுக்கு ஆசைப்பட்டு அந்தப் பாவத்தை வாசல் வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கீங்க!"

"அப்பா, சாப்பிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

அவர் எழுந்து அறைப்பக்கம் போனார்.

"அவ தலையில கையை வைக்காதீங்க! முதல்ல அதைத் தள்ளிட்டு வாங்க."

மனைவி அந்த எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டுத்தான் அழ ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் கல்லாவை எண்ணினார். விற்றதும் இருப்பதும் காசு பிசகாமல் சரியாக இருந்தன. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கணக்கு சரியாக வந்ததைப் பார்த்து அவருக்கு உடம்பெல்லாம் வியர்த்தது. ராசி போய்விட்டது.

மறுநாள் காலை முப்பதை நீட்டினார். வெட்டுக்காரர் கை நீட்டவில்லை.

"நாற்பது."

"கூலி போதும் முதலாளி."

"அம்பது! வாங்கிக்கப்பா. வாங்கிட்டு நீ அதை என்ன வேணா பண்ணிக்க, நான் கேட்கவே மாட்டேன்."

"நீங்க எப்பவுமே கேட்டதில்லையே முதலாளி."

"திடீர்னு உனக்கு என்னதான் ஆச்சு?"

"எனக்கும் அறுபது ஆகுது. உங்க அப்பா போட்ட முறைப்படி வாங்கலைன்னா வேலை கிடையாது. இப்ப நீங்களா விட்டீங்க, நானும் விட்டுட்டேன்."

வெள்ளைச்சட்டை யோசித்தார். வெட்டுகிறவன் வாங்கவில்லை என்றால் தின்கிறவன் வாங்கட்டுமே! நியாயமாகப் பார்த்தால் ஆடு செத்ததே அவர்களுக்காகத்தான். சுண்ணாம்புக்கட்டியை எடுத்தார். விலைப்பலகையில் கறி விலைக்குக் கீழே, "பாவம் தனி – கிலோவுக்குப் பத்து" என்று எழுதினார்.

முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கால் கிலோவுக்கு எவ்வளவு பாவம் வரும்?"

"ரெண்டரை சார்."

"எலும்போட சேர்த்தா, எலும்பைக் கழிச்சா?"

பின்னால் நின்ற தையற்காரம்மா எட்டிப் பார்த்தாள். "எனக்கு ஈரல் மட்டும்தான் அண்ணே. அதுக்குக் கம்மி பண்ணிக்குங்க."

"வெட்டினதை நான் பார்க்கவே இல்லையே, நான் எதுக்குக் குடுக்கணும்?" என்றான் இன்னொருவன்.

"நானும்தான் பார்க்கல!" என்றார் வெள்ளைச்சட்டை.

வாத்தியார் கையை உயர்த்தி எல்லோரையும் அடக்கினார். "இருங்கப்பா. கொன்னா பாவம், தின்னா போச்சுன்னு சொல்லியிருக்காங்க இல்லையா? அப்ப, இவரு கொன்ன பாவத்தை நாமதான் தின்னு தின்னு தீர்த்துக்கிட்டிருக்கோம். நியாயப்படி கிலோவுக்குப் பத்து இவருதான் நமக்குக் குடுக்கணும்."

கூட்டம் கை தட்டியது. இரண்டு பேர் நிஜமாகவே கை நீட்டினார்கள்.

மத்தியானத்துக்குள் எதிர்க்கடைக்காரன் ஒரு பலகை மாட்டிவிட்டான்: "இங்கே பாவம் முழுவதும் கடையைச் சேர்ந்தது." அங்கே வரிசை தெருமுனை வரைக்கும் நின்றது. இங்கே மூன்று ஆட்டின் கறி கொக்கியில் தொங்கிக் கறுத்தது. வெள்ளைச்சட்டை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தின்பதற்குக் கூட ஆளில்லாமல் மூன்று உயிர் போயிருக்கிறது. வாத்தியார் கணக்குப்படி பார்த்தாலும் அந்தப் பாவம் தீராமல் அப்படியே நிற்கிறது.

வெள்ளிக்கிழமை பலகையை அழித்துவிட்டு வேறு ஆள் தேடினார். சந்தைப் பக்கத்திலிருந்து ஒருவன் வந்தான். மீசை பெரிது.

"தலைக்கு அறுபது குடுங்க சார். ஆட்டுப் பாவம் என்ன, ஊர்ப் பாவம் மொத்தத்தையும் தூக்கிக்கிறேன். முன்பணமா குடுத்துட்டா இன்னும் நல்லாத் தூக்குவேன்."

அறுபதை அவன் கையில் வைத்து, "வியாபாரம் என்னோடது, பாவம் உன்னோடது" என்றார். "ஆகட்டும் சார்" என்றான் மீசைக்காரன். வெள்ளைச்சட்டைக்கு நாலு நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியது. பழைய வெட்டுக்காரரை நேற்றே வீட்டில் இருக்கச் சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வருஷம் உழைத்தவரை ஒரே வார்த்தையில். அவரும், "சரி முதலாளி" என்று கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆடு கதவுக்கு அந்தப் பக்கம் போனது. முன்னால் வாத்தியார் கூடத் திரும்பி வந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே ஏதோ உருண்டது. வாளி கவிழ்ந்தது. மீசைக்காரன், "ஐயோ, பிடிங்க!" என்று கத்தினான்.

கதவு திறந்தது. பாதி வெட்டின ஆடு முன்பக்கத்துக்கு வந்தது.

அது ஓடவில்லை, நடந்துதான் வந்தது. கத்தவும் இல்லை. கத்துவதற்கான இடத்தில் காற்று மட்டும் வந்து போனது. வாடிக்கையாளர்கள் தெருவுக்குத் தாவினார்கள். ஆடு தராசைத் தாண்டி, கல்லாவைச் சுற்றி, வெள்ளைச்சட்டையின் முழங்காலில் வந்து சாய்ந்து அவர் முகத்தைப் பார்த்தது. எத்தனையோ ஆட்டுக்கண்களை அவர் எடை போட்டு விற்றிருக்கிறார். ஒன்று கூட அவரைப் பார்த்ததில்லை. சூடாக ஏதோ சட்டையில் பரவிக்கொண்டே இருந்தது.

"எனக்குக் கோழியிலதான் சார் பழக்கம்" என்று சொல்லிவிட்டு மீசைக்காரன் பின்வாசல் வழியாக அறுபதோடு போய்விட்டான்.

யாரோ பின்தெருவுக்கு ஓடிப் பழைய வெட்டுக்காரரைக் கூட்டிவந்தார்கள். அவர் தரையில் உட்கார்ந்தார். ஆட்டின் தலையை மடியில் எடுத்து வைத்து, இடது கையால் அதன் கண்களைப் பொத்தினார். "போதும், போதும்" என்றார், தூங்காத பிள்ளையிடம் சொல்வதுபோல. ஒரு நொடிதான்.

பிறகு தரையைக் கழுவினார். வெள்ளைச்சட்டை நாற்காலியைவிட்டு எழவே இல்லை.

"இது... இது யார் கணக்குலப்பா?"

"சட்டையைச் சீக்கிரம் தண்ணியில போடுங்க முதலாளி. காய்ஞ்சா போகாது."

வெட்டுக்காரர் வாசல்படி இறங்குவதற்கும் போன் அடிப்பதற்கும் சரியாக இருந்தது. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள்.

"வலி எடுத்துடுச்சு. குழந்தை திரும்பியிருக்காம். ஆபரேஷன்னு சொல்றாங்க."

"இதோ வரேன்!"

"அதைத் தள்ளிட்டீங்களா?"

அவர் தன் சட்டையைக் குனிந்து பார்த்தார். "இல்ல..."

"அப்ப இங்க வராதீங்க. உங்க கால்ல விழுந்து கேட்டுக்கறேன், தள்ளிட்டு வாங்க."

வெள்ளைச்சட்டை வாழ்க்கையில் முதல் தடவையாக எண்ணிப் பார்க்காமல் கல்லாவை வழித்து ஒரு பையில் போட்டுக்கொண்டு பின்தெருவுக்கு ஓடினார். கல்லாக் காசு, சட்டைப்பைக் காசு என்ற பேதமெல்லாம் அன்றைக்குப் பறந்துவிட்டது.

வெட்டுக்காரரின் வீடு இரண்டு அறை. வாசலில் அவர் மனைவி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் சுருட்டி வைத்த ஈர வேட்டி.

"குளிச்சிட்டு இருக்காருங்க. நேரமாகும். வெட்டின அன்னைக்கு ரொம்ப நேரம் குளிப்பாரு."

"அம்மா, நீங்களாவது இதை வாங்கிக்குங்க. இந்த நாலு நாளுக்கும் சேர்த்து, கேட்ட விலை. என் பொண்ணு ஆபரேஷன் மேசையில கிடக்கா. வாங்கிக்கிட்டு, 'ஆகட்டும்'னு ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவள் பையைப் பார்த்தாள், அவர் சட்டையைப் பார்த்தாள். அரிவாள்மணையைச் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துவந்தாள். அது போல ஏழெட்டு நோட்டு இருப்பதாகவும், இது கடைசி என்றும் சொன்னாள்.

"நாலு நாளுக்கு அவசரம் இல்லீங்க. முன்னாடி உள்ளது இதுல இருக்கு. நாளைக்கு மேல போனதும் யாராவது கேட்டா காட்டணும்னு அவரு தினமும் எழுதி வைப்பாரு."

வெள்ளைச்சட்டை நோட்டைப் பிடுங்கிப் பார்த்தார். தேதி. ஆட்டின் எண்ணிக்கை. அதற்கு நேரே, 'பாவக்காசு – முதலாளி கொடுத்தது' என்று ஒரு பத்தி. கடைசிப் பக்கத்தில் மொத்தம்: நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினாறு ஆடு, தலைக்கு முப்பது. ஒரு நாள் கூட விடுபடவில்லை. அவருக்கு மூச்சு வந்தது. கண் கலங்கியது. எழுத்தில் இருக்கிறது! வாங்கினவன் கையெழுத்திலேயே இருக்கிறது! போகட்டும், இந்த நாலு நாள் சில்லறையை எப்படியாவது ஈடுகட்டிக்கொள்ளலாம். பெரிய மூட்டை இந்த வீட்டில்தான் இருக்கிறது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் மகள் தலையில் கை வைக்கலாம்.

நோட்டை மூடப்போனவர், வலது பக்கத்தில் இன்னொரு பத்தி இருப்பதைக் கவனித்தார். இடது பக்கத்தில் உள்ள அதே தொகைகள், நாளுக்கு நாள், வரிக்கு வரி.

"இது என்னம்மா, ரெண்டாவது தடவை எழுதியிருக்கு?"

அவள் அவரைக்காயைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"அதுங்களா? நீங்க மத்தியானம் சாப்பிடப் போறப்பல்லாம் அவரு அதை உங்க கல்லாவுலயே திருப்பிப் போட்டதுங்க. காசு நேராயிடுச்சு முதலாளி. நாற்பத்தோராயிரத்து முந்நூத்திப் பதினாறும் உங்க பேர்லதான் நிக்குது."