சிவஞானத்தின் இரும்பு ரேம்ப்

லாரி வந்து நின்ற விதமே சிவஞானத்துக்குப் பிடிக்கவில்லை. பின்பக்கத் தட்டு நெஞ்சு உயரத்துக்கு இருந்தது. மிஷின் ஏறும் சாய்வுப் பாதையான ரேம்ப்பை அதில் மாட்டினால் சுவர் மாதிரி நிற்கும். பொக்லைன் ஏறாது, மல்லாந்துவிடும்.

ஆனாலும் அவர் முகம் மலர்ந்துதான் இருந்தது. மழை ஓய்ந்து மரக்காணம் உப்பளங்களில் சேறு வாரும் வேலை தொடங்கியும், அவருடைய சின்ன பொக்லைனை ஒருத்தரும் கூப்பிடவில்லை. பொங்கலுக்குள் வேலை வராவிட்டால் மிஷினை விற்றுவிட வேண்டியதுதான் என்று மனைவி சாமுண்டீஸ்வரி கறாராகச் சொல்லிவிட்டாள். இன்றைக்கு அனுமந்தை உப்பளத்திலிருந்து லாரியே வந்துவிட்டது.

"சகாயசெல்வி மேஸ்திரி அனுப்புனாங்க. உங்ககிட்ட இருக்கறத ஏத்திக்கிட்டு..." என்று டிரைவர் பிரபு ஆரம்பித்தான்.

"எதை ஏத்தணும், எப்படி ஏத்தணும்னு எனக்குத் தெரியும்பா. நீ டீயக் குடி."

மற்றவர்கள் பனங்கட்டையைச் சாய்த்துவைத்து, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு மிஷின் ஏற்றுவார்கள். சிவஞானம் அப்படியில்லை. திண்டிவனத்துப் பட்டறையில் பக்கத்திலேயே நின்று, நல்ல நீளத்தில், வழுக்காமல் குறுக்குக் கம்பியும் லாரியில் மாட்டக் கொக்கியும் வைத்து ஒரு ஜோடி இரும்பு ரேம்ப் செய்து வாங்கியிருந்தார். ஏறும்போது பாரமெல்லாம் ஒரே பக்கம் சாயலாம், அதனால் ஒவ்வொன்றும் தனியாகவே மொத்த எடையையும் தாங்கவேண்டும் என்று பட்டறைக்காரரின் உயிரை வாங்கியவர். வேலையில்லாத நாளில் சாமுண்டீஸ்வரி அதன்மேல் கருவாடு காயவைத்தாள்.

கருவாட்டை அகற்றிவிட்டு வேலையைத் தொடங்கினார். லாரி தாழ்ந்தால் சரிவு குறையும் என்று பின்சக்கரங்களுக்குப் பள்ளம் தோண்டினார். உப்பளத்து மண்ணில் ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் என்பது பிறந்ததிலிருந்தே அவருக்குத் தெரியும், சந்தோஷத்தில் மறந்துவிட்டார். லாரி தாழ்ந்தது. தாழ்ந்துகொண்டே இருந்தது.

பொக்லைனைக் கொண்டுவந்து லாரியை இழுத்தார். லாரி வெளியே வந்தது, பொக்லைன் பள்ளத்துக்குள் போனது. அது தன் வாளியைத் தரையில் ஊன்றி ஒருவழியாகக் கரையேறியது. அடுத்து, ரேம்ப்பின் கால் சேற்றில் புதையாமலிருக்க அடியில் உப்பு மூட்டைகளை அடுக்கினார். பாரம் ஏறியதும் மூட்டைகள் வெடித்தன. கொட்டிய உப்பில் ரேம்ப் வழுக்க, பொக்லைன் வந்த வழியே திரும்பி வந்தது.

"கட்டையிலயே ஏத்தியிருந்தா இந்நேரம் அனுமந்தை போயிருக்கும்" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"கட்டை ஒடைஞ்சு எவனாவது அடியில மாட்டட்டும்ங்கிறியா? என் மிஷினால ஒருத்தனுக்கு நகம்கூட பேந்ததில்லடி."

கடைசியில் வழி பிறந்தது. தார் ரோட்டை ஒட்டிய தாழ்வான கெட்டித் தரையில் லாரியை நிறுத்தி, பின்பக்கத்தை ரோட்டுப் பக்கம் திருப்பினார். ரேம்ப்பின் காலை ரோட்டிலேயே ஊன்றியதும் சரிவு பாதியாகக் குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து டவுன் பஸ் வந்து நின்றது. இறங்கி வந்த பயணிகள் எல்லாருக்கும் கொக்கி ஏன், சங்கிலி ஏன், சக்கரத்துக்குக் கல் ஏன், பின்னால் ஏன் யாரும் நிற்கக்கூடாது என்று சிவஞானம் விளக்கினார். கண்டக்டர் விசில் ஊதியதை அவர் சட்டைசெய்யவில்லை.

பொக்லைன் கோயில் யானை மாதிரி நிதானமாக ஏறி நின்றது. பஸ் பயணிகள் கைதட்டினார்கள். சாமுண்டீஸ்வரியே ஓடிவந்து மிஷினுக்குக் குங்குமம் வைத்தாள். புருஷனைப் பார்த்து அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சிவஞானத்துக்கோ தரையில் கால் பாவவில்லை.

அப்போது ஸ்கூட்டியில் சகாயசெல்வி வந்து இறங்கினாள். காலையில் அனுப்பிய லாரியை இன்னும் காணோமே என்று தேடி வந்திருக்கிறாள். லாரிமேல் நின்ற பொக்லைனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு குனிந்து இரும்பு ரேம்ப்பை ஆசையாகத் தடவிப் பார்த்தாள்.

"ஏண்ணே, பொக்லைன் எங்ககிட்டயே ரெண்டு சும்மா நிக்குது, கட்டையில ஏத்த டிரைவருங்க பயப்படுறாங்க, அதான் சீசன் முழுக்க உங்க ரேம்ப்ப மட்டும் வாடகைக்குக் கேட்டு லாரி அனுப்புனேன்."