டோக்கியோ அண்ணனும் கருப்பியும்

ஜப்பானுக்குப் போய்வந்தவர்கள் ஒரகடத்தில் நிறையப் பேர் உண்டு. ஆனால் படப்பையைத் தாண்டாமலே அந்த நாட்டின் அத்தனை நாய்களையும் அறிந்த மகான் எங்கள் டோக்கியோ அண்ணன் ஒருவர்தான்.

ஊர் சேரப்பணஞ்சேரி. எங்கள் ஜப்பான் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர். கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் செல்போனில் ஜப்பான் கார்ட்டூன் ஓட ஆரம்பித்துவிடும். அதிலும் நாய் வரும் கார்ட்டூன் மட்டும்தான். கதாநாயகன் மலையை வாளால் பிளந்துகொண்டிருப்பான். இவர் கண்ணோ, மூலையில் காது சொறியும் நாயின் மேலேயே இருக்கும்.

"அண்ணே, ஹீரோ செத்துட்டான்ணே!" என்று ஒருநாள் பதறினேன்.

"அவன் கெடக்கிறான் வுடு. நாய் எங்க குந்தினுகீது பாரு. அவன் பக்கத்துலயே! ஒரு வார்த்தை பேசல, ஒரு அடி நகரல. இன்னா மனசுபா அது!"

பஸ்ஸே கேட்க மூக்கை உறிஞ்சினார். ஒரு கார்ட்டூனில் நாய்க்குக் காலில் அடிபட்டதற்கு அன்று மதியம் கேண்டீன் பிரியாணியைத் தொடவில்லை. பிரியாணியை!

கேட்டுக்கு எதிரே டீக்கடையில் கருப்பி என்று ஒரு தெருநாய். அதற்குக் கார்ட்டூனில் கற்ற ஜப்பான் மொழியில் பாடம் நடத்தினார். காலையில் உள்ளே போகும்போது உள்ளங்கையைக் காட்டி, "மத்தே!" என்பார். இரு என்று அர்த்தம். கருப்பி பெஞ்சுக்கடியில் உட்கார்ந்துவிடும். மதியம் வந்து, "யோஷி!" அதாவது சரி, போகலாம் என்றால்தான் எழுந்திருக்கும். வேறு யார் பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து கூப்பிட்டாலும் ஊஹூம்.

ஒருநாள் ஜப்பானிலிருந்து பெரிய அதிகாரி வருகிறார் என்று, கேட் பக்கம் நாயே இருக்கக்கூடாதென்று உத்தரவு. நாய் பிடிக்கும் வண்டி வந்தது. தெருவில் இருந்த நாயெல்லாம் பிய்த்துக்கொண்டு ஓடின. கருப்பி மட்டும் உட்கார்ந்திருந்தது. மத்தே சொல்லியாயிற்றே!

நான் அப்போது ஸ்டோர்ஸ் கிளார்க். கேட்டில் அதிகாரிக்கான விசிட்டர் பாஸோடு நின்றவன், "யோஷி! யோஷி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். கருப்பி அசையவில்லை. அந்த நேரம் பார்த்து அதிகாரியின் காரும் வந்து நின்றது. டீக்கடைக்காரர் ஓடிப்போய்க் கும்பிட்டார்.

"சார், இது உங்க பாஷை நாய் சார்! நீங்க சொன்னா கேக்கும் சார்!"

அவருக்குத் தமிழ் புரியவில்லை. என் கத்தல் புரிந்தது. குனிந்து, அசல் ஜப்பானிய உச்சரிப்பில், "யோஷி," என்றார். கருப்பி மரியாதைக்கு வாலை ஆட்டியது. எழவில்லை. வலைக்காரர் கிட்டே வந்துவிட்டார்.

செக்யூரிட்டியின் வாக்கிடாக்கியைப் பிடுங்கி உள்ளே கத்தினேன். அண்ணன் ஃபோர்க்லிஃப்டை லோடோடு நடுவழியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். பார்ட்ஸ் போகாமல் அசெம்ப்ளி லைன் நின்றது. கேட்டைத் தாண்டும்போதே, "யோஷி!" என்று ஒரு குரல்தான். விழுந்துகொண்டிருந்த வலைக்கடியில் புகுந்து, கருப்பி அவர் நெஞ்சில் போய் விழுந்தது. எனக்குப் புல்லரித்துவிட்டது. அதிகாரி அந்த நாய்க்கு இடுப்பு வளைத்து வணக்கம் வைத்தார்.

எங்கள் சூப்பர்வைசருக்கு மட்டும் எதுவும் புல்லரிக்கவில்லை. "லைன் நின்னுபோச்சு. உனக்கு வேலை வேணுமா, நாய் வேணுமா?"

"இதுல யோசிக்க இன்னா சார் கீது?" என்று கேட்பாஸைக் கழற்றிக் கொடுத்துவிட்டார் அண்ணன்.

கருப்பியைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறினார். ஆட்டோ கிளம்பும்போது திரும்பிப் பார்த்தார். உள்ளங்கையை எங்கள் பக்கம் காட்டி, "மத்தே!" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

அதற்கப்புறம் நானும் இரண்டு கம்பெனி மாறிவிட்டேன். ஆனாலும் ஒரகடத்தில் எந்த ஷேர் ஆட்டோ நின்றாலும் எட்டிப் பார்க்கிறேன். யோஷி சொல்ல அவர் இன்னும் வரவில்லை.