நான் எழுதிய ஒரே மொட்டைக் கடிதம்

வாழ்க்கையில் நான் ஒரே ஒரு மொட்டைக் கடிதம்தான் எழுதியிருக்கிறேன். அதை எழுத ஒரு பி.ஏ. பட்டம் தேவைப்பட்டது. (பட்டத்தை வேறெதற்கும் பயன்படுத்த அதுவரை சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.)

ஐம்பதுகளில் சூளகிரிப் பக்கம் எங்கள் ஊரில் நான்தான் முதல் பி.ஏ. சேலத்தில் பொருளாதாரம் படித்து முடித்து ஊர் திரும்பியதும் வாசலில் ‘வி. கிருஷ்ணப்பன், பி.ஏ.’ என்று பலகை மாட்டினேன். அப்பா அதை நாள்தோறும் துண்டால் துடைப்பார். ஒரு வருஷம் துடைத்தார். அதற்குப் பிறகு அதன்மேல் புளிய மரத்துத் தூசி படிய ஆரம்பித்தது. சேலத்துக்கும் மதராசுக்கும் போட்ட விண்ணப்பங்களுக்குப் பதிலே வரவில்லை. பலகை இருக்கும் வீட்டுப் பிள்ளை கேழ்வரகுக் களத்தில் இறங்கக் கூடாது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

இந்த நிலையில் முனிரத்தினத்துக்கு வேலை கிடைத்தது.

முனிரத்தினம் பக்கத்துத் தெரு. ஓசூர் உயர்நிலைப் பள்ளியில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை தோற்றவன். அவனைக் கிருஷ்ணகிரியில் ஒரு பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டராகப் போட்டார்கள். காக்கிக் கோட்டு, தொப்பி, கழுத்தில் விசில். நெடுஞ்சாலையில் அவன் கையை நீட்டினால் ஐம்பது பேரைச் சுமந்து வரும் பஸ் நின்றது. நான் கையை நீட்டினால் எங்கள் வீட்டு ஆடுகூட நிற்காது.

அந்தக் காக்கிக் கோட்டு எனக்குச் சோறு இறங்கவிடவில்லை. அம்மா வேறு, “முனிரத்தினத்துக்கு என்னமா இருக்குது அந்தக் கோட்டு” என்று சோறு போடும்போதுதான் சொல்வாள். மூன்றாவது தடவை அவள் சொன்ன அன்று, கதவைச் சாத்திக்கொண்டு கம்பெனி முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினேன். ஆங்கிலத்தில். தமிழில் எழுதியிருந்தால் என் பட்டத்துக்கு என்ன மரியாதை?

‘தங்கள் இன்ஸ்பெக்டர் முனிரத்தினம் என்பவன் ஓர் இல்லிட்டரேட் அப்ஸ்டார்ட்’ என்று தொடங்கினேன். படிப்பு வாசனையற்ற, திடீரென்று உயரத்துக்கு வந்து தலைகால் புரியாமல் ஆடுகிற ஆள் என்று அர்த்தம். அவனுடைய ஆணவத்தைக் கண்டு பிரயாணிகள் நடுங்குகிறார்கள், இத்தகைய பதவிகள் பட்டதாரிகளுக்கே உரியவை என்று பக்கம் முழுவதும் நிரப்பி, அடியில் ‘நலம் விரும்பி’ என்று கையெழுத்திட்டேன். கையெழுத்தை மாற்றி எழுத வேண்டும் என்று தோன்றவில்லை. பி.ஏ.வில் அது பாடமாக இல்லை.

சூளகிரி முத்திரை விழக் கூடாது என்று ஓசூருக்குப் போய்த் தபாலில் சேர்க்கப் புறப்பட்டேன். பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி ஏறியவன் முனிரத்தினம். டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் வந்தான். கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது.

“கிருஷ்ணா, உன்னத் தேடி வீட்டுக்கே வரணும்னு இருந்தேன்டா. எங்க கம்பெனில கிளார்க்கு வேலைய விட்டு நின்னுட்டாரு. முதலாளிகிட்ட உன்னப் பத்தி சொல்லியிருக்கேன். வர்ற வியாழக்கிழமை விண்ணப்பம் எழுதி எடுத்துக்கிட்டு வந்துடு.”

இந்த இடத்தில் நல்ல மனிதனாக இருந்தால் கடிதத்தைக் கிழித்து ஜன்னல் வழியாகப் போட்டிருப்பான். எனக்கோ வயிறு இன்னும் அதிகமாக எரிந்தது. எஸ்.எஸ்.எல்.சி. தோற்றவன் பி.ஏ.வுக்குச் சிபாரிசா? ஓசூரில் இறங்கி நேராகப் போய்க் கடிதத்தைப் பெட்டியில் போட்டேன். அது உள்ளே விழுந்த சத்தம் கேட்ட பிறகுதான் வியாழக்கிழமை ஞாபகம் வந்தது. பெட்டிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரைகூடப் போகவில்லை.

வியாழக்கிழமை கிருஷ்ணகிரி போனேன். பஸ் ஷெட்டை ஒட்டிய அறையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். ஆங்கிலம் அறவே தெரியாது. பக்கத்தில் காக்கிக் கோட்டோடு முனிரத்தினம் நின்றான். நான் விண்ணப்பத்தை நீட்டினேன். அவர் அதை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு, இன்னொரு காகிதத்தை எடுத்தார்.

“கிளார்க்கு போனதுலருந்து இங்கிலீசு தபாலெல்லாம் அப்படியே கெடக்குது தம்பி. காலைல இது வந்துச்சு. உன் பரீட்சையே இதுதான். படிச்சு அர்த்தம் சொல்லு பார்க்கலாம். சதுவு பாபு, சதுவு.”

என் கடிதம்.

சேலத்தில் எத்தனையோ பரீட்சை எழுதியிருக்கிறேன். கேள்வித்தாளும் என் கையெழுத்தில் இருந்தது இதுதான் முதல் தடவை. தொண்டையைக் கனைத்தேன். மறுபடி கனைத்தேன். முனிரத்தினம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

“இது... நம்ம முனிரத்தினத்தைப் பத்தி எழுதியிருக்காங்க” என்றேன்.

“என்னன்னு?”

“ரொம்பச் சீக்கிரமா மேலுக்கு வந்தவருன்னு.”

“பலே. அப்புறம்?”

“இவரப் பார்த்தாலே பிரயாணிங்களுக்கு ஒரு பயபக்தி வருதாம்.”

“அப்புறம்?”

“இன்னும் பெரிய பதவிக்குத் தகுதியானவராம். அவ்வளவுதாங்க.”

முதலாளி எட்டிப் பார்த்தார். “பக்கம் பூரா எழுதியிருக்குது. அவ்வளவுதானா?”

வேறு வழியில்லை. மிச்சப் பக்கத்தையும் நிரப்ப வேண்டியிருந்தது. தேன்கனிக்கோட்டை வண்டியில் ஒரு குடியானவர் மறந்துவிட்டுப்போன விதை மூட்டையை இவன் பத்திரமாக வைத்திருந்து வீடு தேடிப்போய்க் கொடுத்ததைச் சொன்னேன். பிரசவ வலி கண்ட பெண்ணுக்காக வண்டியை ஆஸ்பத்திரி வாசலுக்கே திருப்பச் சொன்னதைச் சொன்னேன். தமிழோ தெலுங்கோ கன்னடமோ, வந்தவர் பாஷையில் பேசுகிறவன் என்றேன். பொய் சொல்லுவதாக நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பாதியில்தான் தெரிந்தது, அத்தனையும் நிஜம். அம்மா சோறு போட்டபோது சொன்னவை. பொறாமையில் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்துவைத்திருந்தேன்.

முதலாளி கடிதத்தை வாங்கி என் விண்ணப்பத்துக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தம்பி, இது ரெண்டும் ஒரே கையெழுத்துதான?”

வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்தேன்.

“சிநேகிதனப் பத்தி நல்லதா நாலு வார்த்தை எழுதறதுக்கு எதுக்குப்பா பேரு போடாம எழுதின?”

“கூச்சமா இருந்துச்சுங்க” என்றேன்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கறாங்க? நாளைக்கே வந்து வேலைல சேர்ந்துக்க. முனிரத்தினம், இவ்வளவு நல்ல பேரு எடுத்திருக்கற, இனி நீ இன்ஸ்பெக்டர் இல்ல, சூப்பர்வைசர். ஆபீசும் உன் பொறுப்புதான். தம்பி உனக்குக் கீழே இருக்கட்டும்.”

ஒரே கடிதத்தில் அவனுக்கு உத்தியோக உயர்வும் எனக்கு அவன்கீழ் வேலையும் வாங்கிக்கொடுத்திருந்தேன். என் பட்டம் அதற்கு முன்போ பின்போ இவ்வளவு வேகமாக வேலை செய்ததில்லை.

“ஐயா, அந்தக் காகிதத்த நான் வச்சுக்கட்டுங்களா?” என்று முனிரத்தினம் கேட்டான். முதலாளி கொடுத்தார். அவன் மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டபோதுதான், அவன் இரண்டு தடவையும் தோற்றது கணக்கில் என்று நினைவுக்கு வந்தது. ஆங்கிலத்தில் இரண்டு தடவையும் தேறியிருந்தான்.

சாயங்கால பஸ்ஸில் இருவரும் ஒன்றாகத் திரும்பினோம். குருபரப்பள்ளி தாண்டியதும் அவன் கடிதத்தை எடுத்துப் பிரித்தான். நிதானமாக, ஒரு வரி விடாமல் படித்தான். நான் ஜன்னலுக்கு வெளியே இருந்த ஒவ்வொரு புளிய மரத்தையும் எண்ணினேன்.

“கிருஷ்ணா, ‘அப்ஸ்டார்ட்’னா என்னடா?”

“சீக்கிரமா மேலுக்கு வந்தவன்.”

“அப்ப அது சரியாத்தான் சொல்லியிருக்க.” விரலை முந்தின வார்த்தைக்கு நகர்த்தினான்: “‘இல்லிட்டரேட்’ல முதல்ல ரெண்டு ‘எல்’ வரும்டா. நீ ஒண்ணுதான் போட்டிருக்க.”

படிப்பறிவில்லாதவன் என்று ஒருவனைத் திட்டும் வார்த்தையைத் தப்பாக எழுதிய பட்டதாரி நானாகத்தான் இருப்பேன். சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

“நான் உனக்கு என்னடா பண்ணேன்?”

“நீ ஒண்ணும் பண்ணல. உன் கோட்டப் பார்த்தா எனக்குத் தாங்கல” என்றேன்.

அவன் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். முதலாளியிடம் சொல்லிவிடுவான் என்று ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே வேலைக்குப் போனேன். அவன் சொல்லவில்லை. ஒரு மாதம் என்னோடு ஆபீஸ் பேச்சு தவிர வேறு பேச்சு இல்லை. பிறகு ஒருநாள் வசூல் கணக்கு எழுதிய டிரிப் ஷீட்டை என் முன்னால் போட்டு, “இத நல்லாக் கூட்டிப் பாருடா. எனக்குக் கணக்கு வராதுன்னு உனக்குத் தெரியாதா?” என்றான். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மூன்று வருஷம் கழித்து அவன் தங்கை ராஜம்மாவை எனக்குக் கொடுத்தார்கள். முனிரத்தினம் தைரியசாலிதான். கல்யாணத்துக்கு மறுநாள் அந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்து, “உன் புருசன் எழுதினது. அவரையே படிச்சு அர்த்தம் சொல்லச் சொல்லு” என்றான். சொன்னேன். இந்தத் தடவை கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பு அடுத்த வீடு வரை கேட்டது.

படித்தால் நல்ல வேலை கிடைக்குமா என்று இப்போது பேரன் கேட்கிறான். நான் வாயைத் திறப்பதற்குள் ராஜம்மா கடிதத்தை எடுத்துவர உள்ளே போய்விடுகிறாள். எங்கள் வீட்டில் நான் யாரையும் பாராட்டிப் பேச முடிவதில்லை. நேற்றுகூட மருமகள் வைத்த கொள்ளு ரசம் பிரமாதம் என்றேன். பரிமாறிக்கொண்டிருந்த கரண்டியை நிறுத்திவிட்டு அவள் கேட்டாள்:

“இது மூலமா மாமா, மொழிபெயர்ப்பா?”