லூயிஷாம் ஆற்றுக்கு அந்தப் பக்கம்

பன்னிரண்டு மணிக்கு லூயிஷாம் சிவன் கோயிலில் நிற்க வேண்டிய பிரவீணன், பத்தே முக்காலுக்கு ஸ்ட்ராட்போர்ட் நிலையத்தில் ஒரே படிக்கட்டில் மூன்றாவது தடவையாக ஏறிக்கொண்டிருந்தான்.

கோயிலில் சுவர்ணா காத்திருப்பாள். மூன்று மாதமாகத் தொலைபேசியில் மட்டும் பேசியவளை இன்றைக்குத்தான் நேரில் பார்க்கப்போகிறான். இரண்டு மணிக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் ஷிப்ட். அவன் சுவிசிலிருந்து லண்டன் ஃபாரஸ்ட் கேட்டுக்குக் குடிவந்து ஐந்து வாரம்தான். ஆனாலும் யாரிடமும் வழி கேட்கக் கூச்சம். "சூரிச்சில பதினொரு வருசம் ரயிலிலதான் சீவிச்சனான்" என்று அவளிடம் பெருமையடித்திருந்தான்.

நடைமேடையில் ஐம்பது வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் கையில் பையோடு அறிவிப்புப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பிரவீணனுக்கு உடனே தைரியம் வந்தது.

"அக்கா, வழி தெரியேல்லையோ? எங்க போகவேணும்?"

"நீங்கள் எங்க போறியள் தம்பி?"

"லூயிஷாம் சிவன் கோயிலுக்கு."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப நானும் வாறன். என்ர பேர் ஜெகதீஸ்வரி."

முதலில் வந்த ரயிலில் ஏறினார்கள். ஓட்டுநர் இல்லாத ரயில். முன் கண்ணாடியோரம் இரண்டு இருக்கைகள் இவர்களுக்காகவே காலியாக இருந்தன. தண்டவாளம் மெல்லிய பனிமூட்டத்துக்குள் நுழைந்து காணாமல்போக, ரயில் அதைத் தேடிக்கொண்டு போவதுபோல் போனது. கூரைகள் மிதந்தன. ஒரு விமானம் சத்தமில்லாமல் எழும்பி வெள்ளைக்குள் கரைந்தது. பிரவீணன் கண்ணை மூடினான். "ம்ம்... சொல்லுங்கோ" என்று சுவர்ணா இழுக்கும் விதம் காதுக்குள் கேட்டது.

"தம்பி, இது லூயிஷாம் ரயில்தானோ?"

"பயப்பிடாதேங்கோ அக்கா. நானிருக்கிறன்."

கண்ணைத் திறந்தபோது ரயில் நின்றிருந்தது. வூலிச். கடைசி நிலையம்.

கைபேசியில் நான்கு வீதம்தான் சார்ஜ் இருந்தது. அதைச் சுவர்ணாவின் அழைப்புக்கென்று வைத்திருந்தான். வரைபடம் பார்த்து வீணாக்க மனமில்லை.

"லூயிஷாம் ஆத்துக்கு அங்காலை அக்கா. நாங்கள் இன்னும் ஒரு பாலமும் தாண்டேல்லையே? நடவுங்கோ, இங்க ஒரு படகு ஓடுறதெண்டு கேள்விப்பட்டனான்."

படகு பெரியது. லொறிகள் படுத்திருக்கும் மாடுகள்போல அசையாமல் நின்றன. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் மெதுவாக ஓடியது. இரண்டு கரையும் மூட்டத்தில் மறைந்த நிமிடத்தில் பிரவீணன் நேரத்தை மறந்துபோனான்.

"லண்டனுக்கு வந்து இருபத்தாறு வருசம் தம்பி," என்றார் ஜெகதீஸ்வரி, முகத்தில் காற்றை வாங்கியபடி. "ஒருநாளும் இப்பிடிக் கப்பலில ஏறேல்லை."

அக்கரையில், ஒரேஞ்ச் மேலங்கி போட்ட ஊழியரிடம் பிரவீணன் "லூயிஷாம்?" என்று கேட்டான். அவர் மிகுந்த இரக்கத்தோடு, இவர்கள் இறங்கிய படகையே திரும்பக் காட்டினார். ரயில் ஆற்றுக்கு அடியால், சுரங்கத்தில் அப்போதே கடந்துவிட்டதாம்.

"கண்ணை மூடியிருந்தியளெல்லோ," என்றார் ஜெகதீஸ்வரி மெதுவாக.

திரும்பவும் படகு. பிறகு பஸ். மேல்தட்டில் போய் மூச்சு விட்ட சிறிது நேரத்தில், வீதி வேலையாம், இந்த பஸ் இதற்கு மேல் போகாதாம் என்று அறிவித்து, பிளாக்ஹீத் புல்வெளி ஓரமாக எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். அப்போதுதான் சுவர்ணா அழைத்தாள்.

"எங்க நிக்கிறியள்?"

"பக்கத்தில வந்திட்டன்!"

கைபேசி அணைந்தது.

மூட்டம் மூடிய புல்வெளிக்குக் குறுக்கே இருவரும் நடந்தார்கள். வழியில் ஒரு நாய்க்காரர், ஒரு தேவாலயக் கோபுரம், மறுபடியும் அதே நாய்க்காரர். அவர் இம்முறை கையசைத்தார். ஜெகதீஸ்வரிதான் அவரிடம் வழி கேட்டார்.

ஒன்று இருபதுக்குக் கோயிலை அடைந்தபோது, சுவர்ணா வாசலில் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு நின்றாள். படத்தில் கண்டதைவிட உயரம். கோபமும் அப்படியே.

"சுவிஸ்காரருக்குப் பன்னிரண்டு மணி எண்டா இதுவோ? நான் ஷிப்டுக்குப் போறன்."

பிரவீணன் சட்டென்று அருகில் நின்ற ஜெகதீஸ்வரியைக் காட்டினான்.

"இந்த அக்கா ஸ்ட்ராட்போர்ட்டில வழி தெரியாமல் நிண்டவ. பாவம், தனிய விட்டிட்டு வர மனம் கேக்கேல்லை. அதான் சுணங்கிப்போச்சு."

சுவர்ணாவின் விரல் கடைசிப் பொத்தானில் நின்றது. முகம் இளகியது. "ம்ம்... அப்பிடியெண்டு அப்பவே சொல்லியிருக்கலாமே. ஷிப்டுக்குப் பிந்தினாலும் பரவாயில்லை, ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவம்."

பிரவீணனுக்குக் கால் தரையில் படவில்லை.

சுவர்ணா திரும்பி, "நீங்களும் உள்ளுக்கு வாங்கோவன் அக்கா, பிரசாதம் இருக்கு," என்றாள்.

ஜெகதீஸ்வரி பதறிப்போய் இரண்டடி பின்வாங்கினார்.

"ஐயோ ஏலாது பிள்ளை, பைக்குள்ள பச்சை மீன் கிடக்கு! நான் மீன் வாங்கிக்கொண்டு வீட்டை போக நிண்டனான். இந்தத் தம்பி படியில ஏறி ஏறி இறங்கிறதைப் பாத்திட்டு, பாவம், தனிய விட மனம் கேக்கேல்லை."