செனட்டர் புஸ்தோஸ் முன்னால் தூகே உட்கார்ந்த விவரம்

சான் லோரென்சோவில் சேவலோடும் செபமாலையோடும் வாழ்ந்துவரும் என் உடன்பிறந்த அக்கா செனோபியாவுக்கு, தம்பி எபிமேனியோ தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு எழுதுவது. இங்கே நானும், மகன் ஓர்லாண்டோவும், மருமகள் பெர்னதெத்தும், நாய் தூகேயும் நலம். அங்கே நீயும் உன் இடது முழங்காலும் நலமாக இருக்க குழந்தை இயேசுவை மன்றாடுகிறோம். எழுதுவது என்று சொன்னேனே தவிர, பேனா பெர்னதெத் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகவேண்டிய வயதில் அப்பா என்னை ஆட்டு மந்தைக்கு அனுப்பினார், உன்னைக் கன்னியாஸ்திரிகளிடம் அனுப்பினார் என்பது உனக்கு நினைவில்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது. நான் சொல்வதைச் சொன்னபடி எழுதச் சொல்லியிருக்கிறேன். மரியாதைக் குறைவான வார்த்தை வந்தால் இவள் விட்டுவிடுகிறாள். வாக்கியம் எங்கேயாவது மொட்டையாக நின்றால் நீயே தகுந்ததைப் போட்டுக்கொள்.

தொலைக்காட்சிச் செய்தியில் என்னைப் பார்த்திருப்பாய். தலைநகர் சான்டா ஃபேயில் சட்டசபை நடக்கும் வட்ட மாளிகையிலிருந்து ஒரு கிழவனையும் ஒரு கிழ நாயையும் காவலர்கள் வெளியே கொண்டுபோனதாகக் காட்டினார்களாம். கொண்டுபோகவில்லை அக்கா, கைத்தாங்கலாக வழிகாட்டினார்கள். ஊரார் உன்னிடம் வந்து வேறு மாதிரி சொல்வதற்கு முன்னால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன். சொல்லி முடித்ததும் உன் சமையலறையில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாயே செனட்டர் ஹிலாரியோ புஸ்தோஸின் படம், அதை என்ன செய்வது என்று நீயே முடிவு செய்துகொள்.

ஓர்லாண்டோ எங்கள் மாவட்டக் காவலர் சங்கத்துக்குத் தலைவனானது உனக்குத் தெரியும். ஒவ்வொரு வருஷமும் கூட்டத்தொடர் தொடங்கினால் சங்கத்துக்காரர்கள் சீருடையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, பரீட்டோ ரொட்டிச் சுருள்களைப் பெட்டி பெட்டியாகக் கட்டிக்கொண்டு, சான்டா ஃபேக்குப் போய் வாசல் வாசலாக நிற்பார்கள். இந்த வருஷம் மூன்று மசோதாக்களோடு போனார்கள். குண்டு துளைக்காத சட்டை புதிதாக வேண்டும் என்று ஒன்று, இரவு வேலைக்கும் பகல் வேலைக்கும் நடுவில் தூங்க விடவேண்டும் என்று ஒன்று, ஓய்வுபெற்ற நாயை அதை வளர்த்த காவலருக்கே சும்மா கொடுத்துவிடவேண்டும் என்று தூகேக்காக ஒன்று. முதல் இரண்டும் பனி உருகுவதற்கு முன்னாலேயே செத்துப்போயின. மிஞ்சியது நாய்.

தூகே எட்டு வருஷம் ஓர்லாண்டோவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து கஞ்சாவை மோப்பம் பிடித்தவன். கண்டுபிடித்தால் குரைக்கமாட்டான், பிராண்டமாட்டான். பேசாமல் உட்கார்ந்து, ஆளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பான், அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் குற்றவாளிகளே அழுதிருக்கிறார்கள். அப்புறம் இந்தச் சட்டசபைக்காரர்களே கஞ்சாவைக் குற்றமில்லை என்று ஆக்கிவிட்டார்கள். நேற்றுவரை கற்றதை இன்று மறந்துவிடு என்றால் நாய் மறக்குமா, அது என்ன அரசியல்வாதியா? அதனால் ஓய்வு கொடுத்தார்கள். ஓய்வு கொடுத்தால் வீட்டில் படுக்கலாம் என்றுதானே நினைப்பாய். இல்லை. சட்டப்படி தூகே மாவட்டத்தின் சொத்து. உடைந்த நாற்காலி, ஓடாத வண்டி மாதிரி. தேவையில்லாத சொத்தைப் பொது ஏலத்தில் விடவேண்டும், அதிலும் காவலர்களும் அவர்கள் வீட்டாரும் ஏலம் கேட்கக் கூடாது. கிழ நாயை யார் வாங்கப்போகிறார்கள் என்று நாங்களும் அலட்சியமாக இருந்தோம். அப்போதுதான் தீவனக் கடையில் சாத்தோ கின்தானா வாயைத் திறந்தான். அவன் மருமகன் வைக்கோல் கட்டுக்குள்ளே வைத்துக் கடத்திய சரக்கு முன்னால் தூகே உட்கார்ந்ததும், மருமகன் உள்ளே போனதும் உனக்குத் தெரிந்த கதை. கடை நிறைய ஆள் இருக்கும்போது சாத்தோ சொன்னான்: "அந்த நாயை நான்தான் எடுப்பேன். பன்றிப் பட்டி பக்கத்துல சங்கிலி போட்டுக் கட்டுவேன். ஜெயில்லேருந்து வந்ததும் மருமகன் தெனமும் அதோட மூஞ்சிய குனிஞ்சு பாக்கட்டும்."

அன்று ஓர்லாண்டோ சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நான் கேட்டதற்கு, "அப்பா, எட்டு வருஷம் என் முதுகுக்குப் பின்னால உக்காந்து வந்தவன். அவன் கயித்தை நானே எப்படிப்பா சாத்தோ கையில குடுப்பேன்?" என்றான். முப்பது ஆண்களை அடக்கி ஆள்கிற சங்கத் தலைவன், அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னான். எனக்கு அந்த நாயைப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். என் கட்டிலில் பாதியை அதுதான் வைத்திருக்கிறது. இருந்தாலும் பன்றிப் பட்டி என்றால் ஒரு நியாயம் வேண்டாமா?

சங்கம் தனக்காகப் பேச விட்லாக் என்று ஒருவரை வைத்திருக்கிறது. டை கட்டியவர், கிழக்கேயிருந்து வந்தவர். மசோதாவை முதலில் விசாரிக்கிற செனட் குழுவில் ஏழு பேர், மூன்று பேர் நம் பக்கம், மூன்று பேர் எதிர்ப்பக்கம், நடுவில் புஸ்தோஸ் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். புஸ்தோஸ் ஏற்கெனவே சொல்லிவிட்டாராம், இன்றைக்கு நாயைச் சும்மா கொடுத்தால் நாளைக்கு டிராக்டரைக் கேட்பீர்கள் என்று. அவர் மனதை மாற்ற வழியே இல்லை என்றார் விட்லாக். நான் சொன்னேன், யார், அம்புரோசியோ புஸ்தோஸின் மகனா? அந்தக் குடும்பத்தில் பொய் சொன்னால் காது சிவக்கும். அம்புரோசியோ நம் கிடாயைத் திருடிவிட்டு அப்பா முன்னால் வந்து நின்றபோது காது இரண்டும் காய்ந்த மிளகாய்ச் சரம் மாதிரி இருந்தது, நீதான் முதலில் பார்த்துச் சிரித்தாய். அதைக் கேட்டதும் சங்கத்துக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நம் பக்கத்தில் யார் மகன், யார் பேரன் என்று தெரியாமல் எந்தக் கதவு திறந்திருக்கிறது? கிழவனையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவானது. விட்லாக் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, இரண்டே நிமிஷம், நாயைப் பற்றி மட்டும் பேசுங்கள், யாருடைய தாத்தாவையும் இழுக்காதீர்கள் என்று கெஞ்சினார்.

அந்த மாளிகையை வட்டமாகக் கட்டியவன் நன்றாக இருக்கமாட்டான். குழு கூடும் அறையைத் தேடி நடந்தால் புறப்பட்ட இடத்துக்கே வந்து நிற்கிறோம். மூன்றாம் முறை வந்தபோது வாசல் காவலன் எனக்குக் காலை வணக்கம் சொல்வதை நிறுத்திவிட்டான். வழி முழுக்க ஒவ்வொரு சங்கமும் மேசை போட்டுத் தின்பண்டம் வைத்திருந்தது. அங்கேதான் அக்கா, எனக்கு உலகம் புரிந்தது. தூகே ஆசிரியர் சங்கத்து அம்மா முன்னால் போய் உட்கார்ந்து முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பால் பண்ணைக்காரர் சங்கத் தலைவர் முன்னால் உட்கார்ந்தான். ஈஸ்டர் நோன்பு பற்றித் துண்டுத்தாள் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கன்னியாஸ்திரி முன்னாலும் உட்கார்ந்தான். நான் அந்தப் பக்கம் பார்க்காத மாதிரி கயிற்றை இழுத்துக்கொண்டு போனேன். இப்போது அது குற்றமில்லை, சரி. ஆனால் கன்னியாஸ்திரி! தலைநகரமே புகைந்துகொண்டிருக்கிறது, நாம்தான் வடக்கே மிளகாயைக் காயப்போட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாமல் இருக்கிறோம்.

குழுவுக்குத் தலைவி ஓஃபேலியா மாயெஸ். செத்துப்போன அவள் கணவன் சிறைக் காவலனாக இருந்தவன், அதனால் காவலர் வீட்டு விஷயம் அவளுக்கு அத்துப்படி. என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஒலிவாங்கி முன்னால் நின்றேன். விட்லாக் சொன்னது நினைவிருந்தது. இருந்தாலும் ஓஃபேலியாவின் பாட்டி பனியில் மாட்டிக்கொண்ட நம் ஆடுகளுக்குத் தொழுவம் திறந்துவிட்டதைச் சொல்லாமல் எப்படி நாயைப் பற்றிப் பேசுவது? அதைச் சொன்னேன். அதிலிருந்து அவள் பெரியப்பாவின் கல்யாணம் வந்தது. கல்யாணத்திலிருந்து பிடில் வாசித்தவன் வந்தான். மணி அடித்துவிட்டார்கள். "எபிமேனியோ மாமா, எங்க பெரியப்பா கல்யாணம் முடிஞ்சு ஐம்பது வருஷம் ஆச்சு, நாய்க்கு வாங்க" என்றாள் ஓஃபேலியா. நாயைப் பற்றிச் சொல்ல வாயைத் திறந்தால் நேரம் முடிந்துவிட்டது. ஓர்லாண்டோ கண்ணை மூடிக்கொண்டான்.

அந்த நேரம் பார்த்து தூகே என் கையிலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு, நொண்டி நொண்டி, மேசைகளுக்கு அந்தப் பக்கம் போய், செனட்டர் புஸ்தோஸ் முன்னால் நின்று, மெதுவாக உட்கார்ந்து, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

யார் புஸ்தோஸ்? கஞ்சாவைக் குற்றமில்லை என்று ஆக்கியபோது வேதாகமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பொழுது சாயும்வரை எதிர்த்துப் பேசியவர். அந்தப் பேச்சைக் கேட்டுத்தானே நீ படம் மாட்டினாய்? பின்வரிசையில் முப்பது காவலர்கள் இருந்தார்கள். முப்பது பேருக்கும் தூகே உட்கார்ந்தால் என்ன அர்த்தம் என்று தெரியும். முப்பது பேரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள். ஒருவன் இருமினான், பாவம், புதியவன். விவரம் தெரியாத விட்லாக் மட்டும் ஒலிவாங்கியில், "பாருங்கள், எவ்வளவு பாசம்" என்றார். நான் செனட்டரின் காதைப் பார்த்தேன். அப்படியே அம்புரோசியோ. கிடாய்த் திருட்டு நாளில் பார்த்த அதே சிவப்பு.

ஓஃபேலியா காகிதத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள். காகிதம் ஆடியது. பிறகு கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "செனட்டர், அது உங்களைத் தேடி வந்து உக்காந்திருக்கு. இந்த மசோதா தோத்தா நாயை யார் வேணாலும் ஏலத்துல எடுக்கலாம், எந்த ஊருக்கு வேணாலும் கூட்டிட்டுப் போகலாம். உங்க ஊருக்குக்கூட. உங்க கருத்து இப்பவும் டிராக்டர்தானா?"

புஸ்தோஸ் தண்ணீர் குடித்தார். வயதான பிராணிகளிடம் கருணை காட்டுவது நம் முன்னோர் வழக்கம் என்றார். நான்குக்கு மூன்று, மசோதா தப்பித்தது.

இத்தோடு முடிந்ததா? கீழவை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டது, செனட் சபை முழுவதும் கூடி வாக்களித்தால் போதும். ஆனால் நம் மசோதாவைக் கடைசி நாளின் கடைசி மசோதாவாக வைத்துவிட்டார்கள். கடைசி நாள் நண்பகல் அடித்தால் கூட்டத்தொடர் முடிந்தது, மிச்சமிருப்பதெல்லாம் குப்பை. நம்முடையதற்கு முன்னால் பள்ளிக்கூடப் பேருந்துகளைப் பற்றி ஏதோ ஒன்று இருந்தது. அதற்கு எதிராகப் பேச எழுந்தார் புஸ்தோஸ். அவர் எழுந்தால் உட்காரமாட்டார், மணி அடிக்கும்வரை பேசியே மசோதாவைக் கொல்வார், அதுதான் அவருக்குப் பிழைப்பு. பேருந்தில் தொடங்கி, தான் சிறுவயதில் பள்ளிக்கூடம் போன கோவேறு கழுதைக்கு வந்துவிட்டார். கழுதையின் குணம், கழுதையின் தாயின் குணம் என்று போய்க்கொண்டிருந்தது. வெளியே நடையில் ஓர்லாண்டோ சுவரில் சாய்ந்து நின்றான். ஏலம் அதற்கடுத்த சனிக்கிழமை என்று இருந்தது. பக்கத்துப் பெஞ்சில், நம்பமாட்டாய், சாத்தோ கின்தானா உட்கார்ந்து சங்கத்தின் பரீட்டோவையே தின்றுகொண்டிருந்தான். "சங்கிலி வாங்கிட்டேன்" என்றான் என்னைப் பார்த்து.

நான் தூகேயைக் கூட்டிக்கொண்டு மாடியில் பார்வையாளர் வாசலுக்குப் போனேன். அங்கிருந்த காவலன் நாயை உள்ளே விடமுடியாது என்றான். "தம்பி, இது நாய் இல்ல, மாவட்டச் சொத்து. சட்டத்துல நாற்காலியும் இதுவும் ஒண்ணுதான். நான் உக்கார ஒரு நாற்காலி கொண்டுபோறேன். வேணும்னா கீழ ஒரு கூட்டம் உக்காந்திருக்கே, அவங்களையே கேளு" என்றேன். அவன் கேட்கப் போனான். நாங்கள் உள்ளே போனோம். முன்வரிசையில், கம்பிகளுக்கு நடுவே முகத்தை நீட்டி, தூகே உட்கார்ந்தான். நேர் கீழே புஸ்தோஸ். கழுதை ஆற்றைக் கடந்துகொண்டிருந்தது. எதற்கோ கையை உயர்த்தியவர் நிமிர்ந்து பார்த்தார். கழுதை ஆற்றின் நடுவிலேயே நின்றுவிட்டது. "ஆக, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் உட்கார்ந்ததைப் பார்த்து மற்ற செனட்டர்கள், பேச்சு முடிந்தது புரியாமல், கொஞ்ச நேரம் கைகூடத் தட்டவில்லை. நம் மசோதாவைப் படித்து, வாக்கெடுத்து, தலைவர் சுத்தியலைத் தட்டியபோது கோயில் மணி அடித்தது. அப்போதுதான் காவலர்கள் வந்து எங்களுக்கு வழிகாட்டினார்கள், அதைத்தான் நீ பார்த்தாய். ஆளுநர் மறுநாளே கையெழுத்துப் போட்டுவிட்டார், அன்றே நடைமுறை. திரும்பி வரும் வழியில் ஓர்லாண்டோ தன் மேலங்கியைக் கழற்றி வண்டியின் பின்னால் விரித்தான், எனக்கு இல்லை, நாய்க்கு.

ஆகவே அக்கா, அந்தப் படத்தைக் கழற்றிவிடு. இந்த விஷயம் உன்னோடு இருக்கட்டும், நீ எதையும் உன்னோடு வைத்துக்கொண்டதில்லை என்பது எனக்குத் தெரிந்திருந்தாலும். சேவலுக்கு அதிகம் சோளம் போடாதே. உன் பாதுகாவல் புனிதை உன் வாசலைக் காக்கட்டும், உன் கூரையில் பனி மெத்தென்று விழுந்து மெல்ல உருகட்டும், கால்வாய்த் தண்ணீர் உன் முறைக்கு முதலில் வரட்டும். எங்கள் எல்லோருடைய முத்தங்களும். தூகேயும் வாலை ஆட்டுகிறான், கட்டிலில் என் இடத்தில் படுத்துக்கொண்டு.

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
எபிமேனியோ

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது கால்நடை டாக்டர் வந்தார். தூகே அவர் முன்னால் உட்கார்ந்து முகத்தை நிமிர்ந்து பார்த்தான். நான் அவரைத் தனியே கூப்பிட்டு, பரவாயில்லை டாக்டர், இப்போது குற்றமில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. நாயின் இடுப்பு மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டதாம், நான்கு எட்டு நடந்தால் வலி தாங்காமல் எங்கே நிற்கிறதோ அங்கே உட்கார்ந்து, யாராவது தூக்கிவிடுவார்களா என்று பார்க்குமாம். ஒரு வருஷமாகவே இப்படித்தான் இருக்கும் என்கிறார். யோசித்துப் பார்த்தால் என் கட்டில் முன்னாலும் தினம் உட்கார்ந்திருக்கிறான். ஆகவே ஆசிரியர் சங்கத்து அம்மா, பால் பண்ணைக்காரர், முக்கியமாக அந்தக் கன்னியாஸ்திரி, எல்லோரிடமும் மனதால் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். செனட்டரின் படத்தை நீ மறுபடி மாட்டிவிடலாம். இத்தனை தாளையும் திரும்ப எழுதமாட்டேன் என்று பெர்னதெத் பேனாவை மூடிவைத்துவிட்டாள், அதனால் மேலே சொன்னதையெல்லாம் சொல்லாததாக நினைத்துக்கொள். ஆனால் அக்கா, படத்தை மாட்டுவதற்கு முன்னால் ஒன்று யோசி. நாய்க்கு இடுப்பு வலி, சரி. காதுக்கு என்ன வலி?