இராசையா லில்லிக்கு மட்டம் பார்த்த படலம்

மலைகளை மூடும் பனியே, சற்று விலகி நின்று கேட்பாயாக! மடுல்சீமைத் தேயிலைச் சரிவுகளில் கணக்கப்பிள்ளையாய்க் கோலோச்சியவரும், செடிகளின் தலைக்குக் குறுக்கே மட்டக்கம்பைக் கிடத்தி, அதற்கு மேலே ஓர் இலை எட்டிப் பார்த்தாலும் கொழுந்து பறித்தவளுக்கு அரைநாள் கூலி மட்டுமே என்னும் அரைப்பேரை அஞ்சாது எழுதியவரும், ஓய்வுபெற்றபின் அதட்ட ஆளின்றி இரத்த அழுத்தம் ஏறப்பெற்றவருமான இராசையா வாழ்க! மனம் அமைதியுற ஏதேனும் பொழுதுபோக்குப் பழகுமாறு வைத்தியர் பணிக்க, குடையும் கத்தரிக்கோலும் ஏந்திப் பண்டாரவளை நளீரா டீச்சரின் பூவலங்கார வகுப்பின்மேல் அவர் படையெடுத்த வரலாறு இது.

அந்நாட்டுச் சட்டமோ விபரீதமானது. ஒரு பூ ஓங்கி நிற்க வேண்டும், ஒன்று அதற்குப் பாதி, மற்றவை தாழப் படர வேண்டும். எல்லாம் ஒரே உயரமாயின் அலங்காரம் செத்தது என்றார் டீச்சர். நம் காவியத் தலைவர் தலையாட்டினார்; உள்ளம் ஆட்டவில்லை. ஆயினும் வகுப்பின் இறுதிக் கண்காட்சியில் பிரதம விருந்தினர் முன் நடுமேசை ஏறும் சாடிக்கே வெற்றிக்கிண்ணம் என்றறிந்து, அதற்கு இடம்விட்டுத் தம் மனைவி விஜயலெட்சுமியின் கண்ணாடிக் கோப்பைகளை அலமாரியிலிருந்து முன்கூட்டியே நாடுகடத்தினார்.

போர்நாள் விடிந்தது. இரும்புக்கடை முதலாளியின் மனைவி ஸவாஹிரா, செங்கேடயம் தாங்கிய சேனைபோல அந்தூரியங்களை அணிவகுத்தார். இராசையாவின் சாடியிலோ வெள்ளை லில்லியொன்று வெண்கொற்றக்குடையென ஓங்கி நின்றது.

"ஐயா, நடுமேசைக்கு இதுதான். இனிக் கை வெக்காதீங்க" என்று சொல்லி, விருந்தினரை வரவேற்க வாசலுக்குப் போனார் டீச்சர்.

வெற்றி கைக்கெட்டிவிட்டது. அந்தக் கைதான் அரிக்கத் தொடங்கியது. ஒரு சாண் மேலே நின்று லில்லி தம்மையே ஏளனம் செய்வதாகக் கண்ட தலைவர், குடையைச் சாடிக்குக் குறுக்கே கிடத்தி மட்டம் பார்த்து, கத்தரிக்கோலை வீச, லில்லி வீழ்ந்ததும் ஜெர்பரா மட்டத்தை மிஞ்சியது. ஜெர்பரா வீழ்ந்ததும் பன்னைப் பெரணி இலை மிஞ்சியது. வெட்டுண்ட தலைகள் மேசையடியில் உருண்டோட, சாடி கவ்வாத்து முடிந்த தேயிலைமலைபோல் மொட்டையாய்ச் சமன்பட்டது. இராசையா பெருமூச்சு விட்டார். பல மாதங்களுக்குப் பின் அவர் நெஞ்சு அமைதியாய் அடித்தது.

திரும்பி வந்த டீச்சர் சாடியைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். அந்தூரியச் சேனை நடுமேசை ஏறியது. மொட்டைச் சாடி கழிவறைக் கதவோரம் போயிற்று.

ஒருகாலத்தில் அவர் மலையில் கொழுந்து பறித்து, இப்போது மண்டபம் கூட்டும் மாரியாயி, உருண்ட தலைகளை வாரியபடியே திருவாய் மலர்ந்தாள்: "மட்டம் சுத்தமா இருக்குங்கய்யா. ஆனா இன்னைக்கு அரைப்பேரு ஒங்களுக்குத்தான்."

மறுநாள் விஜயலெட்சுமி கோப்பைகளைத் திரும்ப அலமாரியில் அடுக்கிவிட்டு, அந்தச் சாடியில் அகப்பைகளைப் போட்டு வைத்தார்.